காசிலிங்கம் ஜோடி

மரக்காணத்து உப்பளத்தில் பொன்னியின் நாக்குக்கு இருந்த மரியாதை பொன்னிக்கு இருந்ததில்லை. பாத்தியில் தண்ணீர் முற்றிவிட்டதா, இன்னும் காயவேண்டுமா, அல்லது கசந்தே போய்விட்டதா என்பதை ஒரு சொட்டு நுனிநாக்கில் வைத்துச் சொல்லிவிடுவாள். சொல்லிவிடுவாள் என்பதுகூடத் தப்பு. அவள் வாயே திறக்கமாட்டாள். சொட்டை வைப்பாள், துப்புவாள், அவ்வளவுதான். வரப்பில் நிற்கும் அவள் புருஷன் காசிலிங்கம் அந்த முகத்தைப் பார்ப்பான். புருவம் இறங்கினால் இன்னும் இரண்டு நாள் காயவேண்டும். மூக்கோரம் சுருங்கினால் கசந்துவிட்டது, திறந்துவிட வேண்டும். முகத்தில் ஒன்றும் அசையாமல் கண் மட்டும் லேசாகச் சொருகினால், "உப்பு வாரலாம் மேஸ்திரி!" என்று காசிலிங்கம் அளம் முழுக்கக் கேட்கக் கத்துவான். பதினாலு வருஷமாக இப்படித்தான்.

காசிலிங்கம் ஒன்றும் சும்மா நின்று வாயடிக்கிறவன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தை மாசத்தில் பாத்திச் சேற்றை மிதித்துத் தரையாக்குவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவன் கால் பட்ட தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்காது. கால் அவனுடையது, நாக்கு அவளுடையது. பேர் மட்டும் ஒன்றுதான்.

அது அளத்து வழக்கம். ஆள்கணக்கு எழுதும் மஸ்டர் நோட்டில் புருஷன் பேரை எழுதிப் பக்கத்தில் ஜோடி என்று எழுதுவார்கள். காசிலிங்கம் ஜோடி, குழந்தைசாமி ஜோடி. ஜோடி என்றால் இரண்டு ஆள், நாலு கை, ஒரு பேர். காலப்போக்கில் அந்தச் சொல்லையும் எழுதச் சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். காசிலிங்கம் என்று எழுதியிருந்தால் அதற்குள் பொன்னியும் இருக்கிறாள் என்று எல்லாருக்கும் தெரியும். விடியலில் மேஸ்திரி சுப்ராயன் "காசிலிங்கம்!" என்று கூப்பிட்டால் பல நாள் பொன்னிதான் "இருக்கோம்" என்று குரல் கொடுப்பாள். யாருக்கும் இது ஒரு விஷயமாகவே பட்டதில்லை. உப்புப் பெறாத விஷயம் என்பார்களே, அது.

எழுபத்தாறாம் வருஷம் வைகாசி மாசம், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில் பாண்டிச்சேரியிலிருந்து பாஸ்கல் என்கிற ஏஜெண்டு வந்தார். முழுக்கைச் சட்டை, கறுப்பு பூட்ஸ், கழுத்தில் சின்னச் சிலுவை. பூட்ஸ் வரப்பில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. பின்னாலேயே சுப்ராயன் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டிக்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் வெவ்வேறு அளத்துத் தண்ணீர் அடைத்த அஞ்சு பாட்டில், ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர்.

விஷயம் இதுதான். அரபு தேசத்தில் ஒரு கம்பெனி பாலைவனத்து ஓரமாகப் புதிதாக உப்பளம் போட்டிருந்தது. மிஷின் இருக்கிறது, தண்ணீரில் உப்பு டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழாய் இருக்கிறது, எகிப்து தேசத்து இஞ்சினீயர் இருக்கிறார். எல்லாம் இருந்தும் உப்பு கசக்கிறது. வாங்கினவர்கள் எல்லாம் திருப்பி அனுப்புகிறார்கள். குழாய் காட்டாத எதையோ காட்டுகிற ஆள் வேண்டும் என்று இஞ்சினீயர் பிடிவாதமாகச் சொல்ல, கம்பெனி சரி என்றுவிட்டது. ஆளைத் தேர்ந்தெடுத்தால் கம்பெனியே விசா எடுத்துத் தரும், டிக்கெட்டும் தரும்.

"உங்க அளத்துலயே நல்ல உப்பு யாரு பாத்தியில வெளையுது?" என்று கேட்டார் பாஸ்கல்.

"அதுல இன்னா சார் சந்தேகம்? காசிலிங்கம்தான்" என்றார் சுப்ராயன்.

பாஸ்கல் பாட்டில்களை வரப்பில் வரிசையாக வைத்தார். காசிலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பொன்னி குந்தி உட்கார்ந்து முதல் பாட்டிலின் மூடியைத் திறந்தாள். அவள் வைப்பாள், துப்புவாள். அவன் பார்ப்பான், சொல்வான். "ஒண்ணு, இன்னும் காயணும். ரெண்டு, கசந்துபோச்சு, கொட்டிடணும்." பாஸ்கல் தன்னிடம் இருந்த சீட்டோடு ஒத்துப்பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். புருஷன் பெரிய ஆள், பெண்டாட்டி மூடி திறந்து கொடுக்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ. பேனாவைத் திறந்து, சுப்ராயனைக் கேட்டு, காசிலிங்கம் என்று எழுதிக்கொண்டார். யாரும் பொய் சொல்லவில்லை. அளத்தில் அந்தப் பேரைச் சொன்னால் இரண்டு பேரையும் சொன்ன மாதிரிதான்.

மூன்றாவது பாட்டிலில்தான் பொன்னி கொஞ்சம் தாமதித்தாள். சொட்டை வைத்தவள் துப்ப மறந்துபோனாள்.

அது அவளுக்குத் தெரிந்த கடல் இல்லை. மரக்காணத்து உப்பங்கழித் தண்ணீரில் சேறு இருக்கும், தாழம்பூ இருக்கும், ஐப்பசி மழை இருக்கும், யாரோ எருமை குளிப்பாட்டினதுகூட இருக்கும். இதில் எதுவுமே இல்லை. ஆறு வந்து சேராத தண்ணீர். மழையே பார்க்காத தண்ணீர். நாக்கில் உப்பு நின்றது, உப்புக்குப் பின்னால் ஒரு பெரிய வெளி நின்றது. கண்ணை மூடினால் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகத் தெரிந்தது.

"பொன்னி, துப்பு. கொமட்டப்போவுது" என்றான் காசிலிங்கம்.

அவள் துப்பவில்லை. விழுங்கிவிட்டாள். முகத்தில் ஒன்றும் அசையாமல் கண் சொருகியிருந்தது. "மூணு, வாரலாம்!" என்று கத்தினான் அவன்.

போகும்போது பாஸ்கல் பாட்டில்களைக் கொட்டிவிடச் சொன்னார். நாலைக் கொட்டினாள். அதில் ஒன்றில் மரக்காணத்துக் கழித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனார் அவர். மூன்றாம் நம்பரை முந்தானையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அளத்து ஆட்களுக்கு நடுப்பகல்தான் ராத்திரி. கோழி கூவுமுன் பாத்தியில் இறங்கிவிடுவதால் வெயில் ஏறினதும் சவுக்குத் தோப்பு நிழலில் விழுந்து தூங்குவார்கள். அன்றைக்குத் தூங்கினபோது பொன்னி அங்கே போனாள்.

கணுக்கால் அளவுத் தண்ணீர், வெதுவெதுப்பாக இருந்தது. பறவை கிடையாது, மரம் கிடையாது. பாத்திகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன, முடிவே இல்லை. ஒவ்வொரு பாத்தியிலும் வானம் குப்புறப் படுத்திருந்தது. அவள் உப்பு வாரும் பலகை இல்லாமல் வெறுங்கையால் உப்பை ஒதுக்கினாள், அது ஒதுங்கியது. தூரத்தில் யாரோ மஸ்டர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். என்ன பாஷையோ, ஒரு சொல்கூடப் புரியவில்லை. நடுவில் ஒரு பேர் வந்தது. அதுவும் புரியாத சொல்தான், ஆனால் அது தன் பேர் என்று அவளுக்குத் தெரிந்தது. "இருக்கேன்" என்றாள்.

எழுந்தபோது சாயங்காலம் உப்பு வார நேரமாகிவிட்டிருந்தது. வாயில் அந்த ருசி அப்படியே இருந்தது. அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு மூன்று பகலாவது அங்கே போய்வந்தாள். பக்கத்து வீட்டு மாரியம்மாளிடம் மட்டும் சொன்னாள்.

"எப்பிடிடீ இருக்குது அந்த ஊரு?" என்று கேட்டாள் மாரியம்மாள்.

"ஊரே இல்லக்கா. தண்ணியும் வெளிச்சமுந்தான்."

"சோறு?"

"சோறு ஞாபகமே வர்ல."

"அப்ப அது நல்ல ஊரு இல்லடீ" என்றாள் மாரியம்மாள். அவள் கணக்கு அவளுக்கு.

ஆவணியில் பாஸ்கலிடமிருந்து கார்டு வந்தது, போட்டோ எடுத்துக்கொண்டு பாண்டிக்கு வரச் சொல்லி. காசிலிங்கமும் பொன்னியும் திண்டிவனம் போய், அன்னம் நீந்துகிற குளம் வரைந்த திரைக்கு முன்னால் நின்று ஜோடியாக எடுத்துக்கொண்டார்கள். பாஸ்கல் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கல்யாணப் போட்டோ எதுக்குப்பா? உன் மூஞ்சி மட்டும் போதும்."

காசிலிங்கம் வெளியே வந்து பொன்னியிடம் சொன்னான். பொன்னிக்கு அதில் வித்தியாசமாக ஒன்றும் தோன்றவில்லை. "மஸ்டர்லயும் ஒம் பேருதானே இருக்குது" என்றாள். பாஸ்போர்ட்டுக்காகப் போலீஸ்காரர் விசாரிக்க வந்து "போறது யாரு?" என்று கேட்டபோதும் அவள்தான் முந்திக்கொண்டு "காசிலிங்கம்" என்றாள். அவர் எழுதிக்கொண்டு, ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் போனார்.

கார்த்திகை கடைசியில் பாஸ்கலே விசாக் காகிதத்தோடு வந்தார். ஒரு பக்கம் பூரா வளைந்து வளைந்து ஓடும் எழுத்து, மறு பக்கம் இங்கிலீஷ், அடியில் பெரிய முத்திரை. வீட்டு வாசலில் நின்றே விளக்கினார்.

"இங்க பாருப்பா. கம்பெனிதான் உனக்கு ஸ்பான்சர். அவங்க கூப்புட்டாதான் நீ அந்த நாட்டுல காலே வெக்க முடியும். அவங்ககிட்டதான் வேல செய்யணும், வேற எடத்துக்கு மாறக்கூடாது. ரெண்டு வருஷம். பாஸ்போர்ட்டு அவங்க கையில இருக்கும். அவங்க வேணாம்னா அடுத்த ப்ளேன்ல திரும்பிடணும். புரியுதா?"

"நம்ம அளம் மாதிரிதான்" என்றான் காசிலிங்கம்.

"அப்பறம், அங்க லுங்கி வேஷ்டியெல்லாம் ஆவாது. வேலைக்கு பேண்ட்டு ஷர்ட்டுதான்."

அவர் போனபின் பொன்னி விழுந்து விழுந்து சிரித்தாள். தான் பேண்ட்டு போட்டுக்கொண்டு பாத்தியில் நிற்பதை நினைத்துப் பார்த்துச் சிரித்தாள். காசிலிங்கமும் சிரித்தான். இரண்டு பேரில் ஒருவருக்காவது பாஸ்கலிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. காகிதத்தில் காசிலிங்கம் என்று இருந்தது, பொன்னி அதற்குள் இருந்தாள். இதைப் போய் யாராவது கேட்பார்களா?

பிள்ளை குட்டி இல்லாததால் விட்டுப்போக அதிகம் இல்லை. ஆட்டை மாரியம்மாளுக்குக் கொடுத்தாள் பொன்னி. தங்கள் பாத்தியைக் குழந்தைசாமி ஜோடிக்குக் கொடுத்துவிடும்படி காசிலிங்கமே மேஸ்திரியிடம் சொல்லிவிட்டான். "ரெண்டு பேருமா போறீங்க?" என்று சுப்ராயன் கேட்கக்கூட இல்லை. மஸ்டர் எழுதுகிற மனுஷன், அவருக்கு அது தெரியாதா? குயிலாப்பாளையம் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு மரம் நடக் குழி வெட்டப் போய்க்கொண்டிருந்த பொன்னியின் தம்பி மட்டும், "அக்கா, கடல் தாண்டிப் போறியே, பயமா இல்லியா?" என்று கேட்டான். "நான் அங்க எத்தினியோ தபா போயி வந்துட்டேன்டா" என்றாள் அவள்.

மார்கழி பிறந்து இரண்டு வாரம் கழித்து ஒரு தகரப் பெட்டியோடு மெட்ராசில் வந்து இறங்கினார்கள். பெட்டிக்குள் அவனுக்கு இரண்டு பேண்ட்டு, அவளுக்கு மூன்று சேலை, துணிக்கு நடுவில் மூன்றாம் நம்பர் பாட்டில். மண்ணடியில் ஒரு மாடி ஆபீஸ். சாயங்காலம் பம்பாய் ரயில், பம்பாயிலிருந்து விமானம். அதற்கு முன்னால் எகிப்து இஞ்சினீயர் ஆளை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்றிருந்தார். ஆளை மாற்றி அனுப்பி ஏமாற்றுகிற ஏஜெண்டுகள் அந்தக் காலத்தில் மலிந்திருந்தார்கள்.

காசிலிங்கம் உள்ளே போனான். பின்னாலேயே போன பொன்னியை வாசலில் இருந்த குமாஸ்தா மறித்தார்.

"வழியனுப்ப வந்தவங்கல்லாம் இங்கதாம்மா உக்காரணும்."

"வழியனுப்ப வர்லிங்க. நானும்தான் போறேன்."

"எங்க?"

"அங்கதான். காகிதத்துல இருக்குதுங்களே."

குமாஸ்தா நல்ல மனுஷன். காகிதத்தை எடுத்து விரித்துப் பொறுமையாகப் பார்த்தார். "காசிலிங்கம்னுதாம்மா இருக்குது."

"ஆமாங்க. அதான். ஜோடி."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தகரப் பெட்டியைப் பார்த்தார். அவர் குரல் இறங்கிப்போயிற்று. "ஒரு பேருன்னா ஒரு ஆளுதாம்மா."

பொன்னி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே தெருவில் கைவண்டிகளும் கூச்சலுமாக இருந்தது. எல்லாம் எங்கோ தண்ணீருக்கு அடியில் நடப்பது போலக் கேட்டது. ஒரு பேர் என்றால் ஒரு ஆள். அவள் அந்த வாக்கியத்தை நாக்கில் வைத்துப் பார்த்தாள். வாழ்நாளில் அப்படி ஒரு கணக்கை அவள் கேட்டதில்லை. அந்த வெள்ளை வெளி அவளைவிட்டுப் பின்னால் நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. பாத்தி பாத்தியாக அணைந்துகொண்டே போயிற்று. தனக்கு இவ்வளவு ஆசை இருந்தது என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

உள்கதவு திறந்தது. காசிலிங்கம் தலையை நீட்டினான். நெற்றியெல்லாம் வேர்வை.

"பொன்னி, வாயேன். டம்ளர் வெச்சிருக்காங்க."

உள்ளே மேஜைமேல் ஆறு கண்ணாடி டம்ளர். பாஸ்கல் சங்கடத்தோடு நெளிந்துகொண்டிருந்தார். இஞ்சினீயர் வயசான மனுஷர், கறுத்த முகம், தூக்கம் கெட்ட கண். யாரோ ஒரு பெண் வந்து குனிந்ததை ஆட்சேபிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னி வைத்தாள், துப்பினாள். காசிலிங்கம் பார்த்தான், சொன்னான். மூன்று டம்ளர் முடிந்ததும் இஞ்சினீயர் கையைக் காட்டி நிறுத்தினார். பாஸ்கலிடம் ஏதோ சொன்னார்.

"காசிலிங்கம், நீ செவுத்தப் பாத்து நில்லுப்பா" என்றார் பாஸ்கல்.

காசிலிங்கம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். சுவரில் கப்பல் படம் போட்ட காலண்டர் தொங்கியது. பொன்னி நாலாவது டம்ளரிலிருந்து ஒரு சொட்டு வைத்தாள், துப்பினாள். காசிலிங்கம் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுப்பா, நாலு இன்னா?"

"எனக்கு எப்பிடிங்க தெரியும்?" என்றான் அவன் சுவரிடம். "எனக்குத் தண்ணி தெரியாதுங்க. அவ மூஞ்சிதான் தெரியும்."

பாஸ்கல் தலையில் கை வைத்துக்கொண்டார். இஞ்சினீயர் மட்டும் நாற்காலியைப் பொன்னி பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, அவளிடமே கையை விரித்துக் கேட்டார்.

பொன்னி டம்ளரைப் பார்த்தாள். பதினாலு வருஷத்தில் ஒரு பாத்தியைப் பற்றிக்கூட அவள் வாயால் தீர்ப்புச் சொன்னதில்லை. தெரிந்ததை எந்த வார்த்தையில் வைப்பது என்று தேடினாள். பிறகு மெதுவாக ஆரம்பித்தாள்.

"நாலு செத்த தண்ணிங்க. நுனி நாக்குல உப்பு, அடி நாக்குல கசப்பு. இத அப்பவே தொறந்து விட்டிருக்கணும், நீங்க ஆசப்பட்டு ஒரு வாரம் வெச்சிட்டீங்க. அதான் உங்க உப்பு கசக்குது." அஞ்சாவதை வைத்தாள், துப்பினாள். "அஞ்சு இன்னும் கொழந்த, காயட்டும்." ஆறாவதை வைத்தாள். துப்பினாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது உங்க கடலே இல்லீங்க. எங்க மரக்காணத்துக் கழித் தண்ணி. வைகாசில இவரு எடுத்துக்கினு போனாரே, அதுவா?"

பாஸ்கல் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க இஞ்சினீயரின் கண் விழித்துக்கொண்டது. சோதிக்கவென்றே மற்ற டம்ளர்களோடு அதையும் சேர்த்து வைத்திருந்தார். எழுந்து நெஞ்சில் கை வைத்து அவளுக்குத் தலை வணங்கினார். பிறகு நீளமாகப் பேசினார். பேசப் பேச அவர் குரல் தணிந்துகொண்டே போயிற்று. பாஸ்கல் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"இந்த அம்மாதான் வேணும்ங்கறாரு. ஆனா முடியாதாம். அந்த நாட்டுல இந்த வேலைக்குப் பொம்பளைங்களுக்கு விசா கெடையாது. கம்பெனி எழுதிக் கேட்டாலும் குடுக்க மாட்டாங்களாம். இருக்கற விசா ஒண்ணுதான், அது காசிலிங்கம் பேர்ல. அவன் மிதி வேல தெரிஞ்சவன்ங்கறதால, சாதாக் கூலியாளா வேணா வரட்டும்ங்கறாரு. சம்பளம் கம்மி. அப்பவும் இங்கத்தத விட எவ்வளவோ மேல். ரயிலுக்கு நேரமாவுது. இப்பவே சொல்லிடுங்க."

காசிலிங்கம் வேறு எதையும் பார்க்கவில்லை. சுவரிலிருந்து திரும்பி, வழக்கம்போல, பொன்னியின் முகத்தைப் பார்த்தான்.

அவளுக்குத் தெரியும். புருவம் இறங்கினால் போகமாட்டான், மூக்கோரம் சுருங்கினால் போகமாட்டான். பாத்தி போய்விட்டது, ஆடு போய்விட்டது, ஊரெல்லாம் சொல்லியாயிற்று. ஒரு ஆளாவது அந்தக் கடலைப் பார்க்கட்டும். அவள் முகத்தில் ஒன்றும் அசையாமல் நிறுத்தி, கண்ணை மட்டும் லேசாகச் சொருகினாள். வாரலாம்.

காசிலிங்கம் நெடுநேரம் பார்த்தான். பிறகு பாஸ்கலிடம் திரும்பினான்.

"வேணாம் சார். நான் போகல."

"டேய், பைத்தியமா உனக்கு? அந்தம்மாவே சரின்னுதானே நிக்குது?"

"பொய் சொல்லுது சார். பதினாலு வருஷத்துல இன்னிக்குத்தான் மொத தபா."

திண்டிவனம் பஸ்ஸில் பொன்னி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அச்சிறுபாக்கம் மலை வரைக்கும் வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்குக் கோபம். அவன்மேல் கோபமா, காகிதத்தின்மேல் கோபமா என்று பிரித்துப் பார்க்க முடியாத கோபம். மலை தாண்டினதும் வெடித்தாள்.

"இன்னா மாமா நீ? நீயாவது போயி பாத்துட்டு வந்து, அந்தக் கடல் எப்பிடி இருக்குதுன்னு எனக்குச் சொல்லுவேன்னு நெனச்சேன். கெடுத்துட்டியே."

காசிலிங்கம் மடியிலிருந்த தகரப் பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தான்.

"எனக்கு ருசி தெரியாதே பொன்னி" என்றான். "போயி வந்து உங்கிட்ட இன்னாத்த சொல்லுவேன்?"

பொன்னி அழுதாள். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பார்க்கட்டும் என்று அழுதாள்.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் அளத்தில் புது வருஷத்து மஸ்டர். விடியற்காலம், கழிமேல் பனி புகையாக நின்றது. ஊருக்குள் கேலிக்குக் குறைவில்லை. "துபாய்க்காரங்க வந்துட்டாங்கடா" என்றான் குழந்தைசாமி. அவன் பலகையை ஊன்றிக்கொண்டு அவர்கள் பழைய பாத்தியிலேயே நின்றிருந்தான்.

"நல்ல பாத்தியெல்லாம் குடுத்தாச்சேப்பா" என்றார் சுப்ராயன். "கோடியில முள்ளுக்காட்டு ஓரமா ஒண்ணு கெடக்குது. ரெண்டு வருஷமா மிதி இல்ல. வேணும்னா எடுத்துக்க." நோட்டை விரித்துப் பேனாவை உதறினார். "காசி..."

காசிலிங்கம் திரும்பிப் பொன்னியைப் பார்த்தான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மெட்ராஸ் ஆபீசில், ஒரு பேருன்னா ஒரு ஆளுதாம்மா என்று குமாஸ்தா சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று காசிலிங்கத்துக்குத் தெரியாது. அப்போது அவன் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தான். அந்த முகத்தை இப்போது பார்த்தான்.

"நிறுத்துங்க மேஸ்திரி. பொன்னின்னு எழுதுங்க."

சுப்ராயன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏம்பா, நீ இன்னா செத்தா பூட்ட?"

"நான் அதுல இருக்கேன்ல."

"ஊரு சிரிக்கும்யா."

"துபாய்க்காரங்கன்னு இப்பவே சிரிக்குது. சேத்துச் சிரிக்கட்டும். எழுதுங்க."

சுப்ராயன் தலையில் அடித்துக்கொண்டார், எழுதினார். எழுதினதை வழக்கப்படி உரக்க வாசிக்கவும் செய்தார். "பொன்னி!"

பனிக்குள் அந்தப் பேர் போய்த் திரும்பி வந்தது. கனவில் அத்தனை தடவை பதில் சொன்னவள் அன்றைக்கு அந்தப் பேரையே கேட்டுக்கொண்டு நின்றாள். "இருக்கோம்" என்று காசிலிங்கம்தான் சொன்னான்.

கோடிப் பாத்தியை அவன் பதினோரு நாள் மிதித்தான். பன்னிரண்டாம் நாள் காலையில் கழியிலிருந்து முதல் தண்ணீர் உள்ளே வந்தது. பொன்னி முந்தானையிலிருந்து மூன்றாம் நம்பர் பாட்டிலை எடுத்தாள். எட்டு மாசத்தில் அடியில் சின்னச் சின்னச் சதுரமாக உப்புக் கட்டியிருந்தது. மூடியைத் திறந்து, பாட்டிலைக் குலுக்கி, அந்தக் கடலைப் பாத்தியில் ஊற்றினாள். அதற்கு யாரும் விசா கேட்கவில்லை.

கடைசிச் சொட்டு பாட்டில் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை விரலில் வாங்கிக் காசிலிங்கத்தின் பக்கம் நீட்டினாள்.

"இந்தா மாமா. நீயும்தான் பாரேன், எப்பிடி இருக்குதுன்னு."

அவன் கண்ணை மூடி, நாக்கில் வாங்கி, அவள் அன்றைக்குச் செய்தது போலவே துப்பாமல் வைத்திருந்தான். நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தான். பொன்னி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்பா இருக்குது" என்றான்.

பொன்னி சிரித்தாள். வரப்பில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு எழுந்து சேலையை உதறிக்கொண்டு, "சரி, எறங்கு, அந்தக் கோடியில தண்ணி உள்ள எறங்குது பாரு, இன்னும் ஒரு மிதி மிதி" என்றாள்.